முதல் ரோமானியக் காசு: கண்காட்சி மேசையில் பார்த்து வாங்குவது எப்படி?

நியூயார்க்கில் ஜனவரியில் நடக்கும் பன்னாட்டு நாணயக் கண்காட்சி, மியூனிக்கில் மார்ச் வாக்கில் கூடும் நுமிஸ்மாட்டா என்ற காசுச் சந்தை போன்ற இடங்களில் ரோமானியக் காசுகள் மேசை மேசையாக விற்பனைக்கு வரும். இணைய ஏலத்தில் இல்லாத ஒரு வசதி அங்கே உண்டு: காசைக் கையில் எடுத்து, விளிம்பைத் திருப்பி, எடை போட்டுப் பார்க்கலாம். அதைச் செய்யாமல் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவதென்றால் வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம்.

1. எதை வாங்குவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்

தொடங்குபவருக்கு இரண்டு வழிகள் நல்லவை. ஒன்று, 4ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசு. கான்ஸ்டன்டைன் குடும்பத்து அரசர்கள் வெளியிட்டவை. 15 முதல் 20 மி.மீ. அகலம், 2 அல்லது 3 கிராம் எடை. பின்புறத்தில் கொடிக்கம்பத்தோடு நிற்கும் இரண்டு வீரர்கள், அல்லது இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய் இருக்கும். எழுத்து தெளிவாகத் தெரியும் காசே 20, 30 டாலருக்குக் கிடைக்கும்.

இன்னொன்று டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. டிராஜன், அன்டோனினஸ் பயஸ், செப்டிமியஸ் செவெரஸ் ஆகிய ரோமானியப் பேரரசர்களின் சாதாரண வகைகள் 100 டாலரை ஒட்டி இருக்கும். நம்மவர்களுக்குத் திபேரியஸ் என்ற பேரரசரின் காசின் மேல்தான் கண் போகும். கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் அகஸ்டஸ் காசோடு ஏராளமாகக் கிடைத்தது அது. ஆனால் விவிலியத்தில் வரும் வரிக்காசு அதுதான் என்ற பெயரால் விலை பல மடங்கு, போலிகளும் அதிகம். முதல் காசாக அது வேண்டாம்.

2. பையில் எடுத்துப் போக வேண்டியவை

10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, அகலம் அளக்க வெர்னியர், சிறு டார்ச். தராசை எடுக்கும் முன் டீலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல டீலர் மறுக்க மாட்டார். முகம் சுளித்தால் அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

3. முதலில் எடை

கி.பி. 64இல் நீரோ எடையைக் குறைப்பதற்கு முந்தைய டெனாரியஸ் 3.7 முதல் 3.9 கிராம், அதற்குப் பிறகு 3.2 முதல் 3.4. செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு 25 கிராமை ஒட்டி இருக்கும். தேய்மானத்தால் 0.2, 0.3 கிராம் குறைவது இயல்பு. டெனாரியஸ் 2.6 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள்: செம்பின் மேல் வெள்ளி பூசிய பழங்காலப் போலியாகவோ, இக்கால வார்ப்பாகவோ இருக்கலாம். முன்னதற்குச் சேகரிப்பில் மதிப்பு உண்டு, ஆனால் அதற்குரிய குறைந்த விலையில்தான்.

வெட்டுக்காயம் உள்ள காசைக் கண்டு ஒதுங்க வேண்டாம். உள்ளே வெள்ளிதானா என்று அக்காலத்தவரே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது; அது சோதனைக்காக அல்ல, காசைச் செல்லாமல் ஆக்கவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வெள்ளிக் காசில் வெட்டின் அடியிலும் வெள்ளியே தெரிந்தால், பூச்சுக் காசோ என்ற கவலை தீர்ந்தது, விலையும் குறையும்.

4. விளிம்பும் பரப்பும்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான். அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டது. அதனால் எழுத்துகளைச் சுற்றி உலோகம் வெளிப்புறமாக ஓடிய நுண்கோடுகள் லென்ஸில் தெரியும். விளிம்பில் விரிசல் இருந்தால் அது கூர்மையாக உள்ளே இறங்கும். வார்ப்புப் போலியில் அதே விரிசல் ஆழமின்றி, ஓரம் மழுங்கி நிற்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்புக் கட்டி போன்ற வழவழப்பு, விளிம்பைச் சுற்றி ஒரு மூட்டுக்கோடு இருந்தால் காசைத் திருப்பிக் கொடுங்கள். மூட்டை அரத்தால் தேய்த்து மறைப்பவர்களும் உண்டு. விளிம்பில் ஒரே திசையில் ஓடும் புதுக்கீறல்களைத் தேடுங்கள்.

ஒரே தட்டில் இரண்டு காசுகளுக்கு ஒரே அச்சு என்பது தவறில்லை. ஒரே கீறல், ஒரே வெளிவடிவம் என்றால் இரண்டும் ஒரே காசைப் பார்த்து வார்த்த போலிகளாக இருக்கலாம், இரண்டையும் தொடாதீர்கள்.

ரூபாயைச் சுண்டிப் பார்ப்பதுபோல் இதைச் சுண்டக் கூடாது. பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கலாம். விளிம்பில் பிடித்து, தட்டின் துணிக்கு மேலேயே வைத்துப் பாருங்கள்.

வெண்கலத்தில் காலப்போக்கில் படிந்த கெட்டியான, வழுவழுப்பான களிம்பு நல்லது. வெளிர்பச்சைத் தூளாக உதிர்வது கெட்டது: குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது, அரிப்பு உள்ளே தொடர்ந்துகொண்டே போகும். முடியும் கண்ணும் காசின் தேய்மானத்துக்குப் பொருந்தாத கூர்மையுடன் இருந்தால், யாரோ உளியால் மறுபடி செதுக்கியிருக்கிறார்கள்.

5. எழுத்து

லத்தீன் தெரிய வேண்டியதில்லை, சில சுருக்கங்கள் போதும். 'ஐஎம்பி' தளபதி, 'ஏவிஜி' அகஸ்டஸ் பட்டம், 'சிஓஎஸ்' கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. டிராஜன் காசில் 'சிஓஎஸ்' பக்கத்தில் ரோமன் எண் 5 இருந்தால் காசு வெளியான காலம் கி.பி. 103 முதல் 111 வரை. 6 என்றால் 112 முதல் 117 வரை. டீலர் சீட்டில் உள்ள ஆர்ஐசி எண்ணை (ரோமானியப் பேரரசுக் காசுப் பட்டியல் நூலின் எண்), அமெரிக்க நாணயவியல் கழகம் பங்கேற்று நடத்தும் 'ஓக்ரே' இலவசத் தளத்தில் அங்கேயே ஒப்பிடலாம்.

6. பேரமும் ரசீதும்

"இதற்கு உங்கள் கடைசி விலை என்ன?" என்று மரியாதையாக ஒருமுறை கேட்டால் போதும். இரண்டு மூன்று காசுகளைச் சேர்த்து எடுத்தால் பேரம் எளிது. கடைசி நாள் மதியத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். பலர் அதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

ரசீதில் காசின் விவரம், எடை, அசல் என்ற உத்தரவாதம், தெரிந்தவரை முந்தைய உடைமை வரலாறு எல்லாம் எழுதி வாங்குங்கள். பழைய ஏலச் சீட்டு இருந்தால் காசோடு சேர்த்துக் கேளுங்கள். இத்தாலி, பல்கேரியா, துருக்கி ஆகிய நாடுகளைச் சேர்ந்த பழங்காலக் காசுகளில் சில வகைகளுக்கு அமெரிக்காவில் இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் 100 ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. "ஆற்றில் கிடைத்தது" என்று ஊரில் யாராவது காட்டினால் வாங்காதீர்கள். புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

7. வீட்டில்

டீலர் கொடுத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி. நாள்பட்டால் பச்சைப் பசை கசியும். அமிலமில்லாத காகித உறைக்கோ மைலார் என்ற பாலியெஸ்டர் உறைக்கோ அன்றே மாற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் காசின் பக்கம் போகக் கூடாது. களிம்பை உரித்துப் பளபளக்கச் செய்த காசுக்குச் சந்தையில் பாதி விலைகூடக் கிடைப்பது சந்தேகம்.