பெம் நட் அழுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் அலுமினிய ஷீட்டில் பெம் நட் அழுத்திக்கொண்டிருந்தான். மெல்லிய ஷீட்டின் துளையில் அழுத்தியே நிரந்தரமாகப் பொருத்தும் நட் அது. நான் ஒரு காலத்தில் செய்த அதே கூத்து. எம்3 (3 மி.மீ. மரை) போல்ட்டுக்கு எம்4 நட்டை எடுக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

துளை விளிம்பைச் சீவுவது

சுத்தமாக வேலை செய்கிறவன்தான் இதைச் செய்வான். அதனால்தான் இன்னும் எரிச்சல். "பிசிர் கையைக் கிழிக்குதுண்ணே" என்று, பெரிய டிரில் பிட்டைத் துளையில் வைத்து இரண்டு சுற்று சுற்றிவிடுகிறான். விளிம்பு சரிவாக, பார்க்க அழகாக இருக்கிறது.

பெம் நட்டின் தலைக்கு அடியில் பல் பல்லாக ஒரு வளையம், அதற்குக் கீழே துளைக்குள் போகும் கழுத்தில் ஒரு பள்ளம். பிரஸ்ஸில் அழுத்தும்போது வளையம் துளை விளிம்பின் உலோகத்தை நெருக்கிப் பள்ளத்துக்குள் தள்ளும். பல் நட்டைச் சுற்றவிடாது. பள்ளத்தில் புகுந்த உலோகம் கழன்று வரவிடாது. விளிம்பையே சீவிவிட்டால் பள்ளத்துக்குள் போக என்ன மிச்சம் இருக்கிறது?

நான் 40 பேனல்களை இப்படிச் 'சுத்தம்' செய்தேன். 1.2 மி.மீ. அலுமினியம், எம்4 நட். அழுத்தியபோது எல்லாம் பாந்தமாக உட்கார்ந்தன. பவுடர் கோட்டிங் முடிந்து, பெட்டியை மூடி போல்ட்டை முறுக்கினால் உள்ளே நட்டும் கூடவே சுற்றுகிறது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. போல்ட் தலையைக் கிரைண்டரில் அறுத்துத்தான் பெட்டியைத் திறந்தேன். கோட்டிங் கருகியது தனி. மறுபடி கோட்டிங் போட்ட கூலி என் கையிலிருந்து.

பிசிர் உறுத்தினால் மெல்லிய அரத்தால் மேலாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பஞ்சில் (குத்தித் துளையிடும் அச்சு) போட்ட துளை என்றால், பஞ்ச் நுழைந்த பக்கத்தில் நட்டை வையுங்கள். அந்தப் பக்கம் பிசிர் இருக்காது. எம்4-க்குத் துளை 5.4 மி.மீ.; கூடினால் 0.08 மி.மீ. வரைதான். 5.5 பிட் கைக்கு வந்ததென்று அதை மாட்டினாலும் இதே கதிதான்.

முதலில் அதே ஷீட்டின் துண்டில் ஒன்றை அழுத்திப் பாருங்கள். நட் இருக்கும் பக்கத்திலிருந்தே முழுக்க மரையுள்ள போல்ட்டை ஏற்றி, தலை நட்டில் முட்டிய பிறகும் முறுக்குங்கள். பிடிக்காத நட் அங்கேயே சுற்றிக் காட்டிவிடும்.

சுத்தியல்

வேண்டாம். பிரஸ் இல்லையென்றால் வைஸில் நேராக வைத்து இறுக்குங்கள்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஷீட்டில் சாதா நட்

நட் ஷீட்டைவிடக் கடினமாக இருக்க வேண்டும். 304 ரக எஸ்.எஸ். ஷீட்டில் சாதா ஸ்டீல் நட்டை அழுத்தினால் வளையத்தின் பல்தான் மழுங்கும். இதற்கென்றே கடினப்படுத்திய எஸ்.எஸ். நட் வருகிறது. விலை அதிகம்தான், வேறு வழியில்லை.

எதிர்ப் பாகத்தில் பெரிய துளை

போல்ட் வரும் பக்கத்துக்கு மறுபக்கம் நட் இருந்தால், முறுக்கும்போது அது ஷீட்டோடு இன்னும் ஒட்டும். இதைப் பலரும் சரியாகவே செய்கிறார்கள். அப்புறம், ஷீட்டோடு சேர்த்து போல்ட் போட மேலே வைக்கும் பாகத்தில் 'கொஞ்சம் லூசாக இருக்கட்டும்' என்று நட்டின் கழுத்தைவிடப் பெரிய துளை போட்டுவிடுகிறார்கள். நட்டுக்கு எதிரே முட்டுக்கொடுக்க உலோகம் இல்லை. முறுக்க முறுக்க நட் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

அனோடைசிங்குக்கு முன் ஸ்டீல் நட்

அனோடைசிங் என்றால் அலுமினியத்தை அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது. அந்தத் தொட்டியில் ஸ்டீல் நட் அரித்துப்போகும். அனோடைசிங் முடிந்து வந்த பிறகு அழுத்துங்கள்.