யார் பக்கத்தில் யார் படுத்தீர்கள் என்று கேளுங்கள்

எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் "ரெண்டு" என்பார். மாமா ஒருவர், அம்மா ஒருவர். 2016-இல், எண்பது வயது தாண்டிய பிறகு, ஒரு மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்கு மூன்று ஆனது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த தப்பையும் சரியையும்தான் இங்கே எழுதுகிறேன். பேச்சு ஓர் இடத்துக்கு வந்ததும் உங்கள் அம்மாவும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார் என்றால், இது உங்களுக்கு உதவும்.

முதலில் உங்கள் வீட்டுக்கு வெளியே ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல வீட்டு ரகசியங்களுக்கு வேர் வீட்டுக்குள் இருக்காது. நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பம். 1948-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாய் தகப்பன் இந்தியா என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இலங்கை என்று எழுதியிருப்பார்கள். அதோடு தாய் இந்தக் கரை, மகள் அந்தக் கரை. தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பேர். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்மாயியின் மௌனத்தை என்னால் கொஞ்சமாவது மரியாதையோடு பார்க்க முடிந்தது.

எங்கள் ஆட்கள் வந்தது 1973-இல். மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் பந்தலூர் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது.

இப்போது கேட்கும் முறைக்கு வருகிறேன். என் முதல் தப்பு, தீபாவளி அன்று மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, தாத்தா படத்துக்குக் கீழேயே, "அம்மாயி, சிலோன்ல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டது. "என்ன நடக்கும், மழை பேஞ்சுச்சு, கொழுந்து எடுத்தோம்" என்றார். அப்புறம் நாலு மாதம் சிலோன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பண்டிகை நாளில் கேட்காதீர்கள். ஆண்கள் இருக்கும்போதும் மருமகள்கள் இருக்கும்போதும் கேட்காதீர்கள். செத்துப்போன புருஷன் படம் பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் கேட்கவே கேட்காதீர்கள். இதை நான் மூடநம்பிக்கையாகச் சொல்லவில்லை. அம்மாயி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, அரிசியில் கல் பொறுக்குவது, பூண்டு உரிப்பது. கண் கீழே இருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும், முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது இன்னும் நல்லது. நீங்கள் பின்னால் இருப்பீர்கள், உங்கள் முகம் அவருக்குத் தெரியாது.

"ஏன்" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஏன் வந்தீங்க, ஏன் சொல்லல, ஏன் அப்படிச் செஞ்சீங்க என்பதெல்லாம் கேட்பவருக்குக் கேள்வி, வயதான பெண்ணின் காதில் குற்றச்சாட்டு. பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட கேள்வி மிகச் சாதாரணமானது.

"லயத்துல உங்க காம்பராவுல ராத்திரி யாரு பக்கத்துல யாரு படுப்பீங்க, அம்மாயி?"

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அதில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்தான் அடுப்பும் விறகும் ஆட்களும். அம்மாயி ஒரு பூண்டுப் பல்லை எடுத்துத் தரையில் வைத்தார். "கதவு ஓரமா உங்க தாத்தா." அடுத்து ஒரு பல். "அப்புறம் நானு." அடுத்து மாமா. அப்புறம் ஒரு விரற்கடை இடம் விட்டுச் சின்னப் பல் ஒன்று: "இது உங்கம்மா." நான் அந்த இடைவெளியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "இங்க ஏன் இடம் விட்ட?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. அம்மாயி எல்லாப் பல்லையும் கையால் கூட்டி முறத்தில் போட்டுவிட்டு, "உலை கொதிக்குது பாரு" என்றார். அடுப்பில் உலையே வைத்திருக்கவில்லை.

அந்த மாதிரிச் சொல் வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வது, தண்ணி கேட்பது, உங்களுக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பது எல்லாம் அதே அடையாளம்தான்.

நடுவில் காகிதங்களைப் பாருங்கள், ஆனால் திருட்டுத்தனமாக வேண்டாம். "பெட்டியை வெயில்ல வைக்கட்டா, பூச்சி அரிக்குது" என்றேன், சரி என்றார். வெளியே எடுத்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள், பழைய மடிப்பை அழுத்தி நீவாதீர்கள், கிழிந்துவிடும். சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெயரும் தாய் தகப்பன் பாஸ்போர்ட்டிலேயே இருக்கும். பின்பக்கக் குறிப்புகளையும் முத்திரைகளையும் விடாதீர்கள். எங்கள் குடும்ப அட்டையில் ஐந்து பெயர் எழுதி, ஒன்றைச் சிவப்பு மையால் அடித்திருந்தது. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டதுதான், அதனால்தான் வீட்டுக்கு வீடு ஜூன் மாதப் பிறந்தநாள். என் அம்மாவுக்கும் அப்படியே. சிவப்புக் கோட்டை நான் அம்மாயியிடம் காட்டவில்லை. காகிதம் கேள்வியைக் கூர்மையாக்க மட்டும்தான். அதை நீட்டி மடக்கினால் போலீஸ் விசாரணை ஆகிவிடும்.

அம்மாயி சொன்னது அடுத்த பூண்டு மூட்டைக்கு. நானாகக் கேட்கவில்லை. அவரே பல்லை அடுக்க ஆரம்பித்தார், இந்த முறை இடம் விடவில்லை. மூத்தவள், பத்தொன்பது வயது. அதே தோட்டத்துப் பையன் ஒருவனை விரும்பினாள், சாதி வேறு. அவன் வீட்டில் இலங்கைக்கு எழுதியிருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தின ராத்திரி அவள் ஓடிப்போய்விட்டாள் என்றுதான் தாத்தா சாகும்வரை நினைத்திருந்தார். அவள் பேரைச் சொல்லக்கூடாது என்று வீட்டில் சட்டம். ஆனால் அவள் ஓடவில்லை. அம்மாயிதான் எழுப்பி, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, பின்பக்கமாக அனுப்பினார். "எம் மக என்னோட வந்து அழுதுக்கிட்டுக் கெடக்குறதுக்கு, எங்கயோ நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன் புள்ள" என்றார். விடிந்ததும் தாத்தாவோடு சேர்ந்து தானும் தேடியிருக்கிறார், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார்.

இங்கேதான் என் பெரிய தப்பு. நீங்கள் இதைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, உனக்கு ஒரு அக்கா இருக்காங்க!" அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். அந்த ராத்திரி குப்பிலாம்பு வெளிச்சத்தில் அம்மாயி தோடு கழற்றுவதை ஆறு வயதில் பாயில் படுத்தபடி பார்த்திருக்கிறார். "தூங்குடி" என்று அம்மாயி சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாராம். அப்புறம் ஏன் கேட்கவே இல்லை என்றேன். "கேட்டா அம்மா அழும். அப்பா காதுல விழுந்தா அம்மாவை அடிக்கும்." தாத்தா போன பிறகு? அதற்குப் பதில் இல்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பது வருஷமா கூடவே இருக்கேன். என்கிட்ட சொல்லல. உன்கிட்ட சொன்னாங்களா?" என்றார். பத்து நாள் என்னோடும் பேசவில்லை, அம்மாயியோடும் சரியாகப் பேசவில்லை.

பாட்டிக்குப் பேத்தியிடம் சொல்வது லேசு. நடுவில் பயம் இல்லை, கணக்குத் தீர்க்க எதுவும் இல்லை. மகளிடம் சொல்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அந்த மறைப்போடு வளர்ந்தவள் மகள். நீங்கள் பேத்தி என்றால், கதை வாசல் வரை வந்துவிட்டது என்று தெரிந்ததுமே, "அம்மாவையும் கூப்பிடட்டா அம்மாயி?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் சரி. அப்போது, "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா, யாரும் சொல்ல வேண்டாமா?" என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை அப்படியே கடைப்பிடியுங்கள். நடுவில் இருக்கும் பெண்ணைத் தாண்டி ஒரு கதை குதித்துப் போனால், கடைசியில் காயப்படுவது அவர்தான்.

பதிவு செய்வதானால் போனைக் கண்ணெதிரே பாயில் வையுங்கள், கேட்டுவிட்டு வையுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்தது ஒரு நாள் தெரியவந்தால் அப்புறம் ஒரு சொல் கிடைக்காது. அம்மாயி போனைப் பார்த்தாலே சுத்தத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால் நான் ராத்திரி நோட்டில் எழுதினேன். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'திருமணம்' என்று மாற்றாதீர்கள், அவர் 'கட்டிக்கிட்டா' என்றால் அதுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. ஒன்று, நோய். அம்மா வழியில் யாருக்காவது மார்புப் புற்றுநோய், கருப்பைக் கோளாறு, சர்க்கரை இருந்தது மறைக்கப்பட்டிருந்தால், அது மகளுக்கும் பேத்திக்கும் தெரிந்தே ஆக வேண்டும். யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, நோயை மட்டும் மருத்துவரிடம் சொல்லலாம். இன்னொன்று, பிள்ளைகளிடம் தப்பாக நடந்த ஆள் உயிரோடு, வீட்டுக்கு வந்து போய்க்கொண்டு இருந்தால். அதைக் குடும்ப மானம் என்று யாரும் மூடி வைக்கக்கூடாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இந்த எண்களைக் கூப்பிடுங்கள்.

தொலைந்தவரைத் தேடுவது கடைசி வேலை, அதுவும் அம்மாயி போலப் பெற்றவர் சரி என்றால் மட்டும். தோட்டத்துப் பெயரில் கவனம் வேண்டும். ஒரே தோட்டத்துக்கு ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும், பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் இருக்கும். இரண்டையும் கண்டுபிடித்து, தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல் கணக்கா கீழ்க் கணக்கா என்றும் சேர்த்து எழுத வேண்டும். நாங்கள் முதல் கடிதத்தைத் தமிழ்ப் பெயர் மட்டும் எழுதிப் போட்டோம், பதிலே இல்லை. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. பெரியம்மா இருக்கிறார். அம்மாயியும் அவரும் போனில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அவர்களுடையது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த முறை அம்மாவை முதலில் கூப்பிட்டோம்.

பிறகு பெயர்களை எழுதி வையுங்கள். பழைய போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதலாம். நான் நோட்டின் முதல் பக்கத்தில் காம்பராவை வரைந்து, படுத்த வரிசையில் பெயர்களை எழுதி அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா, அம்மாயி, மாமா, அம்மா, சுவரோரம் பெரியம்மா.

"சுவரோரம் இல்ல" என்றார் அம்மாயி. "நடுவுல. தம்பி ஒரு பக்கம், உங்கம்மா ஒரு பக்கம். குளிருக்கு ரெண்டையும் அணைச்சுக்கிட்டுதான் படுப்பா."

அம்மா என் கையிலிருந்த ரப்பரை வாங்கி அழித்துவிட்டு, தானே எழுதினார்.