ஒரே படிவம் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசன் வந்தால் மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு போய்க்கொண்டே இருக்கும். வண்டி வரும் நேரத்தை முன்பதிவு செய்ய ஓர் ஆன்லைன் படிவம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் சிக்னல் சரியில்லை. விவசாயி ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்துகிறார். ஒன்றும் அசையவில்லை, மறுபடி அழுத்துகிறார். ஒரே லோடுக்கு இரண்டு நேரம் பதிவாகி, இன்னொருவருக்குக் கிடைக்க வேண்டிய நேரம் போய்விடுகிறது.

பலரும் பொத்தானை முடக்குவதில் தொடங்குவார்கள். நான் டேட்டாபேஸில் தொடங்கச் சொல்வேன். உறுதியான தடுப்பு அங்கேதான் இருக்கிறது.

படி 1: படிவப் பக்கத்தை அனுப்பும்போதே சர்வரில் ஒரு யூயூஐடி டோக்கன் (ஒவ்வொரு முறையும் வேறாக வரும் நீளமான அடையாளக் குறியீடு) உருவாக்கி, படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஹிட்டன் இன்புட்டில் வையுங்கள். பொத்தானை அழுத்திய பிறகு உருவாக்கினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது டோக்கன் வந்துவிடும், பயனில்லை. பக்கம் கேஷ் ஆகாதபடியும், அதாவது சேமித்துவைத்த பழைய நகல் போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பலருக்கு ஒரே டோக்கன் போய்ச் சேரும்.

படி 2: முன்பதிவு டேபிளில் டோக்கனுக்கு ஒரு நெடுவரிசை (column) சேர்த்து, அதற்கு யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். ஒரே மதிப்பு இரண்டு முறை சேராமல் அது தடுக்கும். போன் நம்பரையும் தேதியையும் சேர்த்து யூனிக் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். காலையில் பெங்களூரா ரகம், மாலையில் அல்போன்சா ரகம் என்று ஒரே நாளில் இரண்டு லோடு அனுப்புகிறவர் மாட்டிக்கொள்வார்.

படி 3: இதை நிதானமாகப் படியுங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்த்துவிட்டு இன்சர்ட் (சேர்க்கும் கட்டளை) செய்யாதீர்கள். சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வரும் இரண்டு கோரிக்கைகளுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரலாம். நேராக இன்சர்ட் செய்யுங்கள். இரண்டாவது தோற்கும்: மைஎஸ்கியூஎல்லில் பிழை எண் 1062, போஸ்ட்கிரெஸ்ஸில் 23505. அது டோக்கன் இண்டெக்ஸில் வந்த பிழைதானா என்று பார்த்து, முதல் பதிவின் ரசீது எண்ணை எடுத்து அதையே காட்டுங்கள். சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று காட்டினால் பதிவாகவில்லை என்று நினைத்து, விவசாயி புதுப் படிவம் திறந்து மறுபடி பதிவு செய்வார். அதற்குப் புது டோக்கன் என்பதால் தடுக்கவும் முடியாது.

படி 4: பதிவு முடிந்ததும் 303 ரீடைரக்ட் மூலம் ரசீது பக்கத்துக்கு அனுப்புங்கள். அப்புறம் ரீஃப்ரெஷ் செய்தாலும் போஸ்ட் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) மறுபடி போகாது.

படி 5: இப்போது பொத்தானுக்கு வரலாம். படிவத்தின் சப்மிட் ஈவென்ட்டில் அதை முடக்கி, ‘பதிவாகிறது, காத்திருங்கள்’ என்று மாற்றுங்கள். பேக் அழுத்தித் திரும்பினால் சில பிரவுசர்கள் பழைய பக்கத்தை முடங்கிய பொத்தானோடும் பழைய டோக்கனோடும் அப்படியே காட்டும். பேஜ்ஷோ ஈவென்ட்டில் இதைக் கவனித்துப் பக்கத்தை ரீலோட் செய்துவிடுங்கள்.

சோதிக்கும்போது ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, பொத்தானை வேகமாக இரண்டு தட்டு தட்டுங்கள். டேபிளில் ஒரே வரிசைதான் இருக்க வேண்டும்.