தையலில் ஒட்டிய நூல்

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீண். சென்னைத் துறைமுகத்துக்குள் லேசர் என்ற ஒற்றையாள் பாய்மரப் படகை ஓட்டும்போது, காற்றுக்கு எதிராக ஏறினால் மட்டும் என் படகு பின்தங்கும். பாயின் முன் விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை இழுத்தேன், அடி விளிம்பை இழுத்துப் பிடிக்கும் அவுட்ஹால் கயிற்றைத் தளர்த்தினேன், அப்புறம் பாயே பழசு என்று முடிவுகட்டினேன்.

கடைசியில் கிளப் அண்ணன் ஒருவர் கூட ஏறி உட்கார்ந்து, பாய்க்கு அந்தப் பக்கம் நிழலாகத் தெரிகிற, காற்றோட்டத்தைக் காட்டும் கம்பளி நூலைக் காட்டினார். அது நேராக நிற்கிறது, காற்று சரியாக ஓடுகிறது என்று நம்பித்தான் நான் ஷீட்டை, அதாவது பாயை உள்ளே இழுக்கும் கயிற்றை, இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். "தம்பி, அது பறக்கல, தையல்ல ஒட்டியிருக்கு."

உப்பு ஈரம்! விரலால் தட்டிவிட்டதும் நூல் தொங்கிவிட்டது. ஷீட்டை ஒரு சாண் விட்டார், நூல் படபடத்து நேரானது, படகும் வேகம் பிடித்தது. கரையில் நூலைப் பிடுங்கிவிட்டு, தையலிலிருந்து நாலு விரல் தள்ளி, மெல்லிய நைலான் துணிப் பட்டை ஒட்டினேன். அப்பாடா.