காகிதமில்லாத கிரானி பிளாட்டில் குடியிருக்க அனுமதி: நியூ சவுத் வேல்ஸ் நடைமுறை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வீட்டின் பின்புறம் ஏற்கனவே ஒரு கிரானி பிளாட் (அதே மனையில் உள்ள இரண்டாவது சிறிய வீடு) நிற்கிறது; அனுமதிக் காகிதம் மட்டும் இல்லை. இங்கே இரண்டு கேள்விகள் தனித்தனி: கட்டடம் நிற்கலாமா, அதில் ஆள் குடியிருக்கலாமா. கட்டி முடித்த வேலைக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். குடியிருப்பாகப் பயன்படுத்த டிஏ (டெவலப்மென்ட் அப்ளிகேஷன் மூலம் பெறும் அனுமதி), கட்டடம் நிற்க பில்டிங் இன்ஃபர்மேஷன் சர்டிஃபிகேட் (கட்டடத் தகவல் சான்று) என இரண்டும் வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் வாங்கிவிட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அந்தச் சான்று கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) இடிப்பு உத்தரவைத் தடுக்குமே தவிர, குடியிருக்கும் உரிமையைத் தராது.

முதலில் கவுன்சிலிடம் பழைய கோப்புகளைக் கேளுங்கள். ‘ஸ்டுடியோ’, ‘ரம்பஸ்’ (பொழுதுபோக்கு அறை) என்று அனுமதி இருந்தால் அது வீடு ஆகாது. கூடவே 10.7 சான்றிதழ் (மனைக்கான திட்டமிடல் சான்று) எடுத்தால் நிலப் பயன்பாட்டு மண்டலம், வெள்ளம், காட்டுத்தீ அபாயம் எல்லாம் தெரியும்.

அடுத்து அளவு. பொதுவாகத் தளப் பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் கூடுதலாக அனுமதித்தால் அதுவே வரம்பு. தனியாக நிற்கும் பிளாட்டுக்கு மனை 450 சதுர மீட்டர் இருந்தால், மனை சிறியது என்று சொல்லி மறுக்க முடியாது. கார் நிறுத்துமிடம் முன்பிருந்த எண்ணிக்கையில் குறையக் கூடாது என்பதால், கராஜை மாற்றியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பணம் கரைவது கட்டட விதிகளில்தான். வசிக்கும் அறையின் உயரம் 2.4 மீட்டர், சமையலறைக்கும் குளியலறைக்கும் 2.1. பழைய கராஜ் கூரைகள் பெரும்பாலும் இதற்கு எட்டாது. எல்லையிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் நிற்கும் சுவர் 60 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும்; அதில் சாதாரண ஜன்னல் வைக்க முடியாது. கராஜ் தளத்துக்கு அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு இல்லாவிட்டால் சுவர் ஓரமெல்லாம் ஊறும். புகை அலாரம் மின்இணைப்புடன், ஒன்று அடித்தால் மற்றவையும் அடிக்கும்படி இருக்க வேண்டும். குளியலறை நீர்க்காப்பு டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிடுவதால், சான்று இல்லையென்றால் பல நேரம் உடைத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே சர்வேயரின் அளவீடு, உள்ளபடியே வரைந்த வரைபடம், கட்டமைப்புப் பொறியாளர் அறிக்கை, கட்டட விதிகள் குறித்த அறிக்கை, பிளம்பர், எலெக்ட்ரீஷியன் சான்றுகள் ஆகியவற்றைத் திரட்டிவிடுங்கள். குறைகளை முதலில் தெரிந்துகொண்டால் சரிசெய்யும் வேலைகளையும் அதே டிஏவில் சேர்த்துவிடலாம். அவசரப்பட்டு முன்கூட்டியே வேலையைத் தொடங்கினால் அதுவும் அனுமதியில்லாத வேலையாகிவிடும்.

டிஏ, கட்டடத் தகவல் சான்று இரண்டுக்குமான விண்ணப்பங்களை என்எஸ்டபிள்யூ (நியூ சவுத் வேல்ஸ்) பிளானிங் போர்ட்டல் இணையதளத்தில் சேர்ந்தே போடுங்கள். டிஏ கிடைத்ததும் மிச்ச வேலைக்குக் கன்ஸ்ட்ரக்ஷன் சர்டிஃபிகேட் (கட்டுமானச் சான்று), முடிந்ததும் ஆக்யுபேஷன் சர்டிஃபிகேட் (குடியேறும் சான்று) வாங்க வேண்டும். அது கைக்கு வந்தபிறகே ஆளைக் குடிவையுங்கள்.