பள்ளி ரோபோட்டிக்ஸ் அணியை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளி ரோபோட்டிக்ஸ் அணி ஒன்று போட்டியில் பின்தங்கினால், மாணவர்களுக்கு நல்ல யோசனை தோன்றவில்லை என்பது அதற்குக் காரணமாக இருப்பது அரிது. யோசனைகள் தேவைக்கு மேலேயே தோன்றியிருக்கும். அவற்றைச் செய்து முடித்து, ஓட்டிப் பார்த்து, பழுது நீக்குவதற்கான நாள்கள்தான் மிஞ்சியிருக்காது. அணியை நடத்தும் ஆசிரியரும் மாணவத் தலைவர்களும் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த நாள் கணக்கில்தான் வந்து முட்டுகின்றன.

போட்டி நடத்துவோர் அந்த ஆண்டுக்கான விளையாட்டை அறிவித்தவுடனே ரோபோவின் கையை வரையத் தொடங்கிவிடுவது முதல் தவறு. விதிப் புத்தகத்தை ஒருவர் மட்டும் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சுருக்கிச் சொல்வது போதாது. ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டியில் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ ஒவ்வொரு பக்கமும் 18 அங்குலத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். இதைப் படிக்காமல் கட்டிய சட்டகத்தை ஆய்வு மேசையில் வைத்து அறுக்க நேர்ந்தால், அதோடு மற்ற அளவுகளும் குலைந்துபோகும். விதிகளுக்கான திருத்தங்கள் போட்டிப் பருவத்தின் நடுவிலும் வெளிவருவதால், அவற்றைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை ஒரு மாணவரிடம் பெயர் குறித்து ஒப்படைப்பது நல்லது. அதைவிட முக்கியமானது மதிப்பெண் கணக்கு. அதே போட்டியில் ரோபோ தானாக இயங்கும் நேரம் 30 விநாடி, மாணவர் இயக்கும் நேரம் 2 நிமிடம். ஒரு பொருளை எடுத்து, கொண்டுபோய், வைத்துத் திரும்ப எத்தனை விநாடி ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே, வியக்க வைத்த பல வடிவமைப்புகள் அன்று மாலையே கைவிடப்படும்.

அப்படிக் கணக்குப் பார்க்காத அணிகள் எல்லாப் பணிகளையும் செய்யும் ரோபோவைக் கட்ட முனைகின்றன. எடுப்பதற்கு ஒன்று, எறிவதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று என மூன்று இயங்கமைப்புகளை அரைகுறையாகச் சுமந்து நிற்கும் ரோபோவைக் காட்டிலும், ஒரே வேலையை ஒவ்வோர் ஆட்டத்திலும் பிசகாமல் செய்யும் ரோபோ மேலே போகும் என்பதே என் கருத்து. இதற்குப் போட்டியின் அமைப்பும் துணைநிற்கிறது. அதே அமைப்பு 1992 முதல் நடத்திவரும் மற்றொரு போட்டியான ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் இன்று மூன்று அணிகள் கூட்டணியாகச் சேர்ந்து எதிரே உள்ள மூன்று அணிகளுடன் மோதுகின்றன. தகுதிச் சுற்றுகளின் முடிவில் முன்னணி அணிகள் தமக்கேற்ற கூட்டாளிகளைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அவ்வாறு தேர்ந்தெடுப்பவர்கள் தேடுவது, தங்களால் செய்ய முடியாத ஒன்றை நம்பிக்கையாகச் செய்து தரும் ரோபோவை.

ஓட்டிப் பழகுவதற்கு நாள் ஒதுக்காமல் விடுவதை எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். 2020-ஆம் ஆண்டுக்கு முன்புவரை ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் சுமார் ஆறு வாரக் கட்டுமானத்துக்குப் பிறகு ரோபோவைப் பையிலிட்டு முத்திரையிட வேண்டியிருந்தது. அந்த விதி நீக்கப்பட்டபோது பழகுவதற்குக் கூடுதல் நாள் கிடைத்ததாகவே எல்லாரும் எண்ணினார்கள். நடைமுறையில் பல அணிகள் அந்த நாள்களையும் கட்டுவதற்கே செலவிடுகின்றன. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் புதிய பாகம் எதையும் சேர்ப்பதில்லை என்று பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவெடுத்து எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தானியங்கி நிரல் எழுதும் மாணவர்களுக்கும் அப்போதுதான் ரோபோ கைக்குக் கிடைக்கும். இயந்திரப் பிரிவினர் திருகிக்கொண்டிருக்கும் ரோபோவில் எந்த நிரலையும் சோதிக்க முடியாது.

களத்தில் ரோபோ நின்றுபோனால் உடனே நிரலின் மீது பழி போடுவது வழக்கம். தேடிப் பார்த்தால் பழுது பெரும்பாலும் வயரில்தான் இருக்கும். பேட்டரி முனையில் பொருத்தியுள்ள வளையத்தை விரலால் திருகிப் பாருங்கள். அது சிறிதளவு அசைந்தாலும் நட் இறுகவில்லை என்று பொருள். மேசை மீது எல்லாம் ஒழுங்காக ஓடும், களத்தில் மற்றொரு ரோபோ மோதிய கணத்தில் மின்சாரம் அறுந்து கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடி தொடக்கத்திலிருந்து இயங்க ஆரம்பிக்கும், அதற்குள் ஆட்டத்தின் ஒரு பகுதி போய்விடும். கிரிம்ப் செய்த, அதாவது முனையில் உலோக இணைப்பியை நசுக்கிப் பொருத்திய, ஒவ்வொரு வயரையும் கையால் அழுத்தமாக இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்த வேண்டும். பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல்: 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் நிறைவாகக் காட்டும் அளவை வைத்து அது நல்ல நிலையில் உள்ளது என்று முடிவு செய்யக் கூடாது. ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் ரோபோக்களில் நெடுங்காலம் பயன்பட்ட சிம் (CIM) என்ற வகை மோட்டார் தடையின்றிச் சுழலும்போது 3 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். சுழல முடியாமல் சிக்கி நின்றால் 130 ஆம்பியர் வரை இழுக்கும். இத்தகைய மோட்டார்கள் நான்கும் ஒரே நேரத்தில் திணறும்போது, பழைய பேட்டரியின் உள்தடையால் மின்னழுத்தம் சரிந்து 7 வோல்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடுகிறது. பேட்டரிகளுக்கு எண்ணிட்டு, வாங்கிய ஆண்டையும் சுமையில் சோதித்த அளவையும் அவற்றின் மீதே எழுதி வைத்தால், எது பயிற்சிக்கு, எது போட்டிக்கு என்ற வாக்குவாதமே எழாது.

இனி மனிதர்களைப் பற்றி. நாள் நெருங்க நெருங்க வழிகாட்டும் பெரியவரின் கை தானாக ஸ்பேனரை நோக்கிப் போகும். மாணவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வேலையை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆனால் போட்டி நாளில் அந்தப் பாகம் உடைந்தால் அதைக் கழற்றத் தெரிந்த மாணவர் ஒருவரும் இருக்க மாட்டார், நடுவர்கள் அதைப் பற்றிக் கேட்டால் விடை சொல்லவும் ஆள் இருக்காது. பெரியவர் தயங்காமல் குறுக்கிட வேண்டிய இடம் பாதுகாப்பு ஒன்றே: பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் துளையிடும் இயந்திரத்தின் அருகே நிற்கக் கூடாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

திறமையான ஒரே மாணவரிடம் முழு நிரலும் தங்கிவிடுவதும் இதே வகைச் சிக்கல்தான். அவர் தேர்வுக்காக ஒரு வாரம் வராவிட்டால் வேலை நிற்கும்; பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறினால் அணி மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இளைய வகுப்பு மாணவர் ஒருவரை இணையாக அமர்த்த வேண்டும். அவருக்கு ஸ்க்ரூக்களை வகை பிரிக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் இரண்டாம் மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார், அவர் மீது குற்றமில்லை. நிரலைத் தனியொருவரின் மடிக்கணினியில் வைக்காமல் பொதுச் சேமிப்பிடத்தில் வைப்பதும், செய்த வேலையையும் எடுத்த முடிவுகளையும் பதியும் பொறியியல் குறிப்பேட்டை அன்றன்றே எழுதுவதும் இதற்கு உதவும். போட்டிக்கு முந்தைய இரவில் நினைவிலிருந்து எழுதப்பட்ட குறிப்பேட்டை நடுவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வந்ததை எல்லாம் பாகங்களில் போட்டுவிட்டு, மாற்று மோட்டாருக்கும் பயணத்துக்கும் பிறகு கையேந்துவதைத் தவிர்த்தால் போதும்.

பருவம் முடிந்தவுடன் பாகங்களுக்காக ரோபோவை உடனே பிரித்துவிடும் வழக்கமும் பல அணிகளில் உண்டு. நிதி இடம் கொடுத்தால், அடுத்த ஆண்டின் ரோபோ ஓடத் தொடங்கும் வரையிலாவது பழையதை அப்படியே விட்டு வைக்க வேண்டும்; புதிதாகச் சேரும் மாணவர்கள் ஓட்டிப் பழகவும், வயரிங்கைத் தொட்டுப் பார்க்கவும், புதிய சென்சாரைச் சோதிக்கவும் அதைவிடத் தோதான கருவி அணியிடம் வேறு இருக்காது.