ஹெடர் வாங்கும் முன் ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பாருங்கள்

என் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு இரண்டு ஹெடர் வாங்கினேன். எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகக் கம்பெனி வைத்திருக்கும் குழாய்த் தொகுதிதான் மேனிஃபோல்டு, அதற்குப் பதிலாக நாம் போடுவது ஹெடர். ஒன்று வண்டியில் இருக்கிறது, இன்னொன்று பரணில் கிடக்கிறது. அந்தப் பரண் ஹெடரின் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முதல்முறை மாற்றப் போகிறவர்கள் படித்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜாக் ஸ்டாண்டு வைக்க, பேட்டரி ஒயரைக் கழற்ற எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். டர்போ வண்டிக்காரர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுடைய மேனிஃபோல்டு வேறு வகை.

படி 1: எதற்காக மாற்றுகிறீர்கள்?

சத்தம் மட்டும்தான் வேண்டும் என்றால் பின்னால் இருக்கும் மஃப்ளரை மாற்றுங்கள், வேலை பாதிதான். ஹெடர் செய்வது வேறு. வால்வு திறந்ததும் சூடான புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுகூடும் கலெக்டரை அது தொட்டதும், குறைந்த அழுத்த அலை ஒன்று திரும்பி வருகிறது. உள்ளே இழுக்கும் வால்வும் வெளியே தள்ளும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி வெளியேற்றிவிடும். புதுக் காற்றும் சேர்ந்து உள்ளே வரும். எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) சரியாக வந்து சேரும் என்பது முக்கியமாகக் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. அதனால் எல்லா ஆர்பிஎம்மிலும் லாபம் தரும் ஹெடர் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

படி 2: 4-1 அல்லது 4-2-1

நாலு குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் 4-1. முதலில் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, அப்புறம் ஒன்றானால் 4-2-1. பெரும்பாலான நாலு சிலிண்டர் எஞ்சின்களில் தீப்பொறி வரிசை 1-3-4-2. இதில் ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடிக்குள் ஒன்று வெடித்து கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகுதான் அடுத்தது வெடிக்கும், ஒன்றின் புகை மற்றதை இடிக்காது. 4-2-1 படத்தில் ஒன்றும் இரண்டும் சேர்ந்திருந்தால், செய்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

பொதுவாக 4-1 மேல் ஆர்பிஎம்மில் கூடுதல் பவர் கொடுக்கும், 4-2-1 நடுவில் நல்ல பிக்கப் கொடுக்கும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் 4-2-1 தான் சொல்வேன். ரேஸ் டிராக்கில் 6000க்கு மேலேயே ஊசியை வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், அவர்கள் சொல்வதும் சரிதான்.

விட்டத்தில் ஆசைப்பட வேண்டாம். குழாய் தேவைக்கு மேல் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து கீழ் பிக்கப் செத்துவிடும். சின்ன 1.6 லிட்டர் எஞ்சினுக்குப் பெரிய வி8 எஞ்சினுக்கான 1¾ இன்ச் குழாயைப் பொருத்தினால் சிக்னலில் கிளம்பும்போதே தெரியும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுபாரு பாக்ஸர் எஞ்சின்களின் அந்தக் குடகுட சத்தம் நீளம் சமமில்லாத குழாய்களால் வருவது. சம நீள ஹெடர் போட்டால் அது போய்விடும். அந்தச் சத்தத்துக்காகவே வண்டி வாங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

படி 3: உலோகம்

சாதா இரும்பு மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். 409 ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டும், மேலாகக் கொஞ்சம் துரு காட்டும், ஆனால் உழைக்கும். 304 பளபளப்பாக இருக்கும், காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. "304" என்று சொல்லி விற்றால் பாக்கெட்டில் ஒரு காந்தம் கொண்டு போங்கள்.

எனக்கு உலோகத்தைவிட ஃபிளாஞ்சின், அதாவது ஹெடரை எஞ்சினோடு சேர்த்து முறுக்கும் தட்டின், தடிமன்தான் முக்கியம். 10 மி.மீ. அளவுக்கு இருந்தால் நல்லது. மெல்லிசாக இருந்தால் சூட்டில் வளைந்து, நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டில் புகை கசியும். ஹெடரைக் கையில் வாங்கியதும் ஃபிளாஞ்சின் முகத்தில் ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

துணிபோல் சுற்றும் ஹீட் ராப் எனக்குப் பிடிக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைத் துருவாக்கும். சூட்டைக் குறைக்க வேண்டும் என்றால் செராமிக் கோட்டிங் போடுங்கள்.

படி 4: இடம் இருக்கிறதா? (நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்)

விளம்பரத்தில் மாடல், ஆண்டு, எஞ்சின் எல்லாம் சரியாக இருந்தன. எந்தப் பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. என் வண்டியில் எஞ்சினின் புகை வெளியேறும் பக்கமும் ஸ்டீயரிங் இருக்கும் பக்கமும் ஒன்றுதான். ஸ்டீயரிங்கின் ஷாஃப்டு, அதாவது நாம் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு, அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. மறுபக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அந்த இடம் காலி. வந்த ஹெடர் அந்தக் காலி இடத்தை நம்பி வளைத்தது.

ஆனாலும் உள்ளே போனது. அதுதான் கெடுத்தது. ஒரு குழாய்க்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இரண்டு மி.மீ. இருந்தது. தொடவில்லையே, போதும் என்று நட்டுகளை முறுக்கிவிட்டேன். நின்றபடி ஸ்டார்ட் செய்தபோது ஒன்றுமில்லை. தெருமுனையில் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் "டங்" என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து ஆறவிட்டுப் பார்த்தால், ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்டில் (தண்டு மடங்கித் திரும்பும் மூட்டு) நகத்தளவு பளபளவென்று ஒரு தேய்மானம். குழாயிலும் அதற்கு நேரே ஒன்று.

காரணம் இரண்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இழுக்கும்போது முறுக்கிக்கொண்டு சாயும். இரண்டாவது, சூட்டில் குழாய் நீளும். அரை மீட்டர் 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். என் 2 மி.மீ. எந்த மூலைக்கு? நடுவழியில் ஸ்டீயரிங் மாட்டிக்கொண்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

ஆகவே வாங்கும் முன்:

பழைய மேனிஃபோல்டு இருக்கும்போதே, எஞ்சின் முகத்திலிருந்து ஷாஃப்டு வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து குழாயின் வெளி வளைவு வரை எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியில் பொருத்திய படத்தையும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் பைப், ஒயர் கட்டு ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கலெக்டர் முன்பக்க சப்ஃபிரேமைவிட (வண்டியின் அடியில் உள்ள சட்டம்) கீழே தொங்கினால் முதல் வேகத்தடையிலேயே இடிக்கும்.

வாங்கிய பிறகு:

குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஷாஃப்டின் மேல் ஒட்டுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹெடரை நாலு நட்டு மட்டும் போட்டு நிறுத்துங்கள். ஒருவர் மரக்கட்டையால் எஞ்சினை நெம்பி ஆட்ட, இன்னொருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பட்டும். அப்புறம் கழற்றி, களிமண் நசுங்கிய இடத்தை பிளேடால் வெட்டி வெர்னியரால் அளந்து பாருங்கள். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் நான் போடமாட்டேன். என் இரண்டாவது ஹெடரில் 13 வந்தது.

அந்த நாலு நட்டு போடும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும். சில ஹெடர்களில் குழாயின் வளைவு நட்டை ஒட்டியே இருக்கும், சாக்கெட் நுழையாது. ஸ்பானரால் கால் சுற்று கால் சுற்றாக முறுக்க நேரும்.

படி 5: கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும்

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் போன்ற வண்டிகளில் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், மேனிஃபோல்டிலேயே சேர்ந்து வரும். வெறும் குழாயாலான ஹெடரைப் போட்டால் கன்வெர்ட்டரும் போய்விடும். சாலையில் ஓடும் வண்டியில் அதை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உள்ள ஹெடர்தான் செல்லும். உங்கள் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆக்சிஜன் சென்சார் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளப்பது. அதற்கான துளை படுக்கைவாட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் புகையிலிருந்து குளிர்ந்து படியும் நீர் தேங்கி உள்ளே இருக்கும் செராமிக் வெடிக்கும்.

படி 6: பொருத்துதல்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கி எண்ணெய் விடுங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டும்தான், பன்னிரண்டு முனை சாக்கெட் பழைய நட்டின் மூலையை மழித்துவிடும். சென்சாரைக் கழற்ற, பக்கவாட்டில் ஒயர் நுழைய வெட்டு உள்ள 22 மி.மீ. சாக்கெட் வாங்குங்கள், சாதா ஸ்பானரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேஸ்கட்டில் பல அடுக்கு ஸ்டீல்தான் என் விருப்பம். சாதா சிலிக்கோன் பசையைத் தடவாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் கம்பெனி சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். என் கைரேகை ஒன்று இரண்டாவது குழாயில் பழுப்பு நிறத்தில் வெந்து நிரந்தரமாக இருக்கிறது.

பின்சேர்க்கை

ஒரு வாசகர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் நின்றுவிடுகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். விடக்கூடாது, அது கசிவு. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், எரிபொருள் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும், கம்ப்யூட்டரும் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றி வைத்து, ஃபிளாஞ்சில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

இன்னொருவர் களிமண்ணில் 12 மி.மீ. வந்தும் ஓட்டும்போது இடிக்கிறது என்றார். போனில் பேசியதில் அவருடைய எஞ்சின் மவுண்டு ரப்பர் பிளந்திருந்தது தெரிந்தது. மவுண்டை மாற்றிவிட்டு அளந்திருக்க வேண்டும். இதை நான் படி 4-இல் சொல்லாமல் விட்டது என் தப்பு.